புள்ளி இலை ஆர்க்கிட் பரிசாக வந்திருக்கிறதா? எந்த வகை என்று கண்டுபிடித்து வளர்க்க ஒரு வழிகாட்டி

ஒரு ஆர்க்கிட் பரிசாக வந்திருக்கிறது. இலை முழுக்கப் புள்ளியும் திட்டுமாக இருக்கிறது, பெயர்ச்சீட்டு இல்லை, கொடுத்தவருக்கும் அது ஆர்க்கிட் என்பதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. இப்படி ஒரு செடியை வைத்துக்கொண்டு யோசிக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கும் அப்படி ஒன்று வந்தது. விசாரித்தபோது ஒருவர் அது நோய், மருந்து அடியுங்கள் என்றார். இன்னொருவர் இலையை வெட்டச் சொன்னார். மூன்றாமவர் அதன் இலையே அப்படித்தான், விட்டுவிடுங்கள் என்றார். மூன்று பதிலும் ஏதோ ஒரு ஆர்க்கிட்டுக்குச் சரிதான், எந்த ஆர்க்கிட்டுக்கு என்பதுதான் கேள்வி. ஆகவே முதலில் புள்ளி பிறவியா நோயா என்று பாருங்கள், அடுத்து எந்த வகை என்று பாருங்கள், தண்ணீர், உரம், தொட்டி எல்லாம் அதற்கப்புறம். இந்த வரிசையை மாற்றினால் நல்ல இலையை வெட்டுவீர்கள், அல்லது நோயுள்ள இலையை அழகு என்று விட்டுவைப்பீர்கள்.

1. வந்த அன்றைக்குச் செய்ய வேண்டியது

பளபளக் காகிதம், பிளாஸ்டிக் உறை, ரிப்பன் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பரிசுச் செடிகள் சாவதற்கு இந்த உறையும் ஒரு முக்கியக் காரணம், ஊற்றுகிற தண்ணீர் வெளியேறாமல் அடியில் தேங்கி வேர் அழுகிவிடும். அழகுக்காக வைத்த ஓட்டையில்லாத வெளித்தொட்டியும் அதே வேலையைத்தான் செய்யும். அதை வைத்துக்கொள்ளலாம், ஆனால் தண்ணீர் ஊற்றும்போது உள்தொட்டியை வெளியே எடுத்து, முழுக்க வடிந்த பிறகு திரும்ப வையுங்கள்.

எறிவதற்கு முன் உறையிலும் தொட்டியிலும் பெயர் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். சீட்டு தொட்டியின் உள்விளிம்பில் மண்ணோடு மண்ணாகப் புதைந்திருக்கும், தொட்டியின் அடியில் ஒட்டியிருக்கும், சில சமயம் பூந்தண்டைத் தாங்கும் குச்சியில் சுற்றியிருக்கும். அரைகுறையாக நாலு எழுத்து இருந்தாலும் போதும், வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்தவரிடம் எங்கே வாங்கினார், எப்போது வாங்கினார், ரசீது இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். விற்ற இடம் தெரிந்தால் பெயர் கிடைக்க வாய்ப்பு அதிகம், நாளானால் விற்றவருக்கே நினைவிருக்காது.

அடுத்து போட்டோ எடுங்கள். முழுச் செடி, இலையின் மேல்பக்கம், இலையின் அடிப்பக்கம், செடியின் அடிப்பகுதி, பூ இருந்தால் நேராகவும் பக்கவாட்டிலும். பூ போய்விட்டால் அடையாளம் காண்பது பல மடங்கு கடினமாகிவிடும், அதனால் பூப்படத்தை இன்றே எடுத்துவிடுங்கள்.

மற்ற செடிகள் வீட்டில் இருந்தால் இதை 3, 4 வாரம் தனியாக வையுங்கள். பழுக்கும் பழங்களின் பக்கத்தில் வேண்டாம். பழம் விடும் எத்திலீன் வாயுவால் மொட்டு உதிரும். தொட்டியை இப்போதே மாற்றாதீர்கள், அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

2. பிறவிப் புள்ளியா, நோய்ப் புள்ளியா?

இதில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். பிறவிப் புள்ளி விரலுக்குத் தெரியாது. கரும்பச்சையும் வெளிர்பச்சையும் வெள்ளிச் சாம்பலும் மாறி மாறி இருந்தாலும் இலையின் மேற்பரப்பு ஒரே சீராக இருக்கும். நோய்ப் புள்ளி பள்ளமாகவோ மேடாகவோ சொரசொரப்பாகவோ தட்டுப்படும், அல்லது அழுத்தினால் மெத்தென்று அமுங்கும்.

அப்புறம் இலைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். பிறவிப் புள்ளி எல்லா இலையிலும் இருக்கும், முக்கியமாகப் புதிதாக வரும் குருத்திலையிலும் அதே மாதிரி இருக்கும். பழைய இலையில் மட்டும், அல்லது ஒரு இலையின் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் அழியாத மை பேனாவால் சந்தேகமான புள்ளியின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். பத்து நாளில் புள்ளி கோட்டைத் தாண்டினால் அது நோய். செலவே இல்லாத இந்தச் சோதனை, ஊகித்துக்கொண்டு மருந்து வாங்குவதைவிட நம்பகமானது.

நோய் அல்லது சேதம் என்று தெரிந்தால் எது என்று இப்படிப் பிரிக்கலாம்:

நீர் கோத்தது போல, கண்ணாடி மாதிரி தெரிந்து, வேகமாகப் பெரிதாகி, பழுப்பாகி மெத்தென்று ஆனால் பாக்டீரியா. நாற்றம் வந்தால் இன்னும் அவசரம். ஃபலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட் வகைகளில் (அடையாளம் கீழே 3-ஆம் பகுதியில்) இது குருத்தை எட்டிவிட்டால் செடியைக் காப்பாற்றுவது கடினம், அதனால் பத்து நாள் காத்திருக்கும் விதி இதற்குப் பொருந்தாது. அன்றைக்கே நெருப்பில் காட்டி ஆறவைத்த பிளேடால், நல்ல திசுவிலும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் சேர்த்து வெட்டிவிடுங்கள். வெட்டுவாயில் லவங்கப்பட்டைத் தூள் தடவலாம், வேரில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வேரை அது உலர்த்திவிடும்.

மஞ்சளாகத் தொடங்கி மெதுவாகப் பழுப்பு, கறுப்பு என்று மாறி, சற்றே பள்ளமாகிப் போகும் புள்ளிகள் பெரும்பாலும் பூஞ்சை. இலை நீண்ட நேரம் ஈரமாக இருப்பதும் காற்றோட்டம் இல்லாததும்தான் மூலகாரணம், அதைச் சரிசெய்யாமல் மருந்து மட்டும் அடித்தால் திரும்ப வரும்.

வெயில் பட்ட பக்கத்தில் மட்டும் வெளுத்து, பிறகு காய்ந்த காகிதம் போல ஆன திட்டு வெயில் காயம். அது பரவாது. வெட்ட வேண்டாம், இடத்தை மாற்றினால் போதும்.

இலையின் அடிப்பக்கம் வெள்ளி தூவினாற்போல நுண்புள்ளிகள் இருந்தால் சிலந்திப்பேன். ஈரமான வெள்ளைத் துணியால் துடைத்தால் துணியில் பழுப்போ சிவப்போ ஒட்டும். பழுப்பு மேடுகள் நகத்தால் சுரண்டினால் உரிந்து வந்தால் செதில் பூச்சி. பஞ்சு மாதிரி இருந்தால் மாவுப்பூச்சி.

கோடுகள், வளையங்கள், ஒழுங்கில்லாத மஞ்சள் கலவை இருந்தால் வைரஸாக இருக்கலாம். இதைக் கண்ணால் பார்த்து யாரும் உறுதி சொல்ல முடியாது, படத்தைப் பார்த்துச் சொல்கிறவர்களை நம்பிச் செடியை எறிந்துவிடாதீர்கள். ஆர்க்கிட்டில் பரவலாக உள்ள சிம்பிடியம் மொசைக் வைரஸ், ஓடான்டோகுளோசம் ரிங்ஸ்பாட் வைரஸ் இரண்டுக்கும் சோதனைப் பட்டைகள் உண்டு. இருப்பது உறுதியானால் மருந்து கிடையாது. வெட்டும் கருவி, பழைய தொட்டி, மண்ணுக்குப் பதிலாகத் தொட்டியில் இட்ட பழைய மரப்பட்டை வழியாக மற்றச் செடிகளுக்குப் போகும் என்பதால் தனியாக வைக்க வேண்டும் அல்லது அழிக்க வேண்டும்.

ஒரு விதிவிலக்கு. ஆன்சிடியம் என்ற ஆர்க்கிட் வகையின் கலப்பினங்கள் சிலவற்றில் செடி நன்றாக இருக்கும்போதே இலையில் பொடிப்பொடியாகக் கரும்புள்ளிகள் வரும். புது இலை நன்றாக வருகிறது, புள்ளி பெரிதாகவில்லை என்றால் அதை அப்படியே விட்டுவிடலாம்.

3. எந்த வகை என்று கண்டுபிடிப்பது

புள்ளி பிறவிதான் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் பரிசாகக் கைமாறும் புள்ளி இலை ஆர்க்கிட்டுகள் சில வகைகளுக்குள்தான் வரும். செடியின் அடியைப் பாருங்கள். இலைக்குக் கீழே வெங்காயம் மாதிரித் தடித்த பகுதி இருக்கிறதா? அதைப் போலிக்குமிழ் என்பார்கள். இருக்கிறதா இல்லையா என்பதுதான் முதல் கேள்வி.

போலிக்குமிழ் இல்லை, இலைகள் விசிறி போல எதிரெதிராக அடியிலிருந்தே வருகின்றன, தண்டு என்று ஒன்று தெரியவே இல்லை, பூவில் பை மாதிரி ஒரு இதழ் தொங்குகிறது என்றால் அது பாஃபியோபெடிலம், பேச்சுவழக்கில் செருப்பு ஆர்க்கிட். கரும்பச்சையும் வெளிர்பச்சையும் சதுரங்கக் கட்டம் போல மாறி மாறி இருக்கும் இலை இதற்குத்தான். மாடியே வகைக் கலப்பினங்களைப் பரிசாகக் கொடுப்பது சாதாரணம். இதன் வேரைப் பார்த்துப் பயப்படாதீர்கள்: பழுப்பாக, பூனைமயிர் போன்ற மென்மயிரோடு இருப்பதுதான் நல்ல வேர், நுனி மட்டும் வெளிறி இருக்கும். வெள்ளை வேரை எதிர்பார்த்து இதைச் செத்த வேர் என்று வெட்டிவிடுகிறார்கள்.

போலிக்குமிழ் இல்லை, இலை தடிப்பாக அகலமாக இருக்கிறது, மேலே வெள்ளிச் சாம்பல் திட்டு, அடியில் ஊதா, வேர்கள் தடித்து வெள்ளிநிறமாகத் தொட்டிக்கு வெளியே நீட்டுகின்றன என்றால் ஃபலனாப்சிஸ். திட்டு இலை வருவது பிலிப்பைன்ஸைச் சேர்ந்த ஷில்லரியானா, ஸ்டுவர்டியானா, ஃபிலிப்பினென்சிஸ் இனங்களிலும் அவற்றின் வழிவந்த கலப்பினங்களிலும். பூ இல்லாதபோது இந்த மூன்றையும் இலையை வைத்துப் பிரிப்பது அனுபவசாலிகளுக்கே கடினம். பூத்தால் ஷில்லரியானா இளஞ்சிவப்பு, ஸ்டுவர்டியானா வெள்ளையில் கீழ்ப்பகுதி முழுக்கச் செம்பழுப்புப் பொட்டுகளோடு இருக்கும்.

போலிக்குமிழ் இருக்கிறது, தட்டையாக இருக்கிறது, ஒவ்வொன்றின் மேலும் ஒரே ஒரு விறைப்பான இலை, அதில் செம்பழுப்புத் தெறிப்புகள் என்றால் சைகாப்சிஸ், பட்டாம்பூச்சி ஆர்க்கிட். நீளமான பூந்தண்டின் நுனியில் ஒவ்வொன்றாக மஞ்சளும் பழுப்புமாகப் பூக்கும். சிறிய குமிழ், அதன் மேல் பாம்புக் கற்றாழை இலை மாதிரி சாம்பல் பச்சையில் திட்டுள்ள ஒற்றை இலை என்றால் ஓசியோகிளேட்ஸ் மகுலாட்டாவாக இருக்கலாம், அது மண்ணில் வளர்வது.

இலை வெல்வெட் மாதிரி, கரும்பழுப்பில் செம்பு நிறக் கோடுகள் என்றால் லுடிசியா. இது புள்ளி அல்ல, நரம்புக் கோடு. தண்டு தரையோடு ஊர்ந்து போகும்.

குளிர்நாட்டில் இருக்கிறீர்கள், தோட்டத்தில் வைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள், மெல்லிய பச்சை இலையில் ஊதாக் கறுப்புப் பொட்டு என்றால் டாக்டிலோரைசாவாக இருக்கலாம். குளிர்காலத்தில் மேல்பகுதி முழுதும் மடிந்து கிழங்கு மட்டும் மண்ணுக்குள் இருக்கும், செத்துவிட்டது என்று தோண்டி எறிய வேண்டாம். கீழே சொல்லும் வளர்ப்பு முறை இதற்குப் பொருந்தாது.

4. பெயர்ச்சீட்டும் ஆவணங்களும்

சீட்டு கிடைத்தால் முதலில் இருப்பது பேரினத்தின் சுருக்கம். அடுத்து இனப் பெயர் அல்லது கலப்பினப் பெயர். ஒற்றை மேற்கோள் குறிக்குள் இருந்தால் அது அந்தத் தனிச் செடிக்கும், விதையில்லாமல் அதிலிருந்தே பிரித்தோ நகலெடுத்தோ வளர்த்த செடிகளுக்கும் மட்டும் உரிய பெயர். நடுவில் பெருக்கல் குறி இருந்தால் அது பெற்றோர் இருவரின் பெயர். கலப்பினப் பெயர்களின் உலகப் பதிவேட்டை பிரிட்டனின் தோட்டக்கலைச் சங்கமான ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி வைத்திருக்கிறது. பெயரைக் கொடுத்தால் பெற்றோர் யார் என்று இணையத்திலேயே பார்க்கலாம்.

சீட்டு இல்லாத கலப்பினத்துக்குத் துல்லியமான பெயரைப் படத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, ஒரே மாதிரிப் பூக்கும் கலப்பினங்கள் ஏராளம். பேரினம் தெரிந்தால் வளர்ப்பதற்குப் போதும். ஊகித்த பெயரைச் சீட்டில் எழுதாதீர்கள். "பாஃபியோபெடிலம், புள்ளி இலை, பெயர் தெரியாது" என்று எழுதி, வந்த தேதியையும் போடுங்கள். தவறான பெயர் ஒருமுறை எழுதப்பட்டால் அந்தச் செடியிலிருந்து பிரித்துக் கொடுக்கும் ஒவ்வொரு கன்றோடும் போகும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். செடி எல்லை தாண்டி வந்தால், அல்லது நீங்கள் வேறு நாட்டுக்கு எடுத்துப்போக நினைத்தால், ஆர்க்கிட் குடும்பம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது என்பதை நினைவில் வையுங்கள். பாஃபியோபெடிலம் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. மற்றவை பெரும்பாலும் இரண்டாம் பட்டியல். அனுமதிச் சீட்டும் தாவர நலச் சான்றிதழும் தேவைப்படலாம், இரண்டும் கிடைக்க நாளாகும், பயணத்துக்கு முந்தைய வாரம் கேட்டால் கிடைக்காது. பரிசு என்பதால் விலக்கு கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். ரசீதையும் நாற்றங்கால் சீட்டையும் பத்திரமாக வைத்தால் அது காட்டிலிருந்து பிடுங்கியதல்ல என்று காட்ட உதவும்.

5. வெளிச்சமும் தண்ணீரும்

புள்ளி இலை வகைகளில் பெரும்பாலானவை காட்டின் நிழலில் வளர்ந்தவை. நேர் வெயில் வேண்டாம், ஆனால் இருட்டும் வேண்டாம். இலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கையைப் பிடியுங்கள், ஓரம் கலங்கிய மெல்லிய நிழல் விழுந்தால் பாஃபியோபெடிலத்துக்கும் ஃபலனாப்சிஸுக்கும் லுடிசியாவுக்கும் சரி. சைகாப்சிஸுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் தேவை. இலையைத் தொட்டால் சூடாக இருந்தால் உடனே நகர்த்துங்கள். பகலில் 24 முதல் 29 டிகிரி, இரவில் 16 முதல் 20 டிகிரி செல்சியஸ் இவற்றுக்கு வசதியானது.

தண்ணீர் விஷயத்தில் வாரத்துக்கு எத்தனை முறை என்று கேட்காதீர்கள். எடையைப் பாருங்கள். தண்ணீர் ஊற்றி வடிந்ததும் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள், இரண்டு நாள் கழித்து மறுபடி தூக்கிப் பாருங்கள், சில வாரத்தில் கைக்கே தெரிந்துவிடும். மெல்லிய மரக்குச்சியைத் தொட்டியின் நடுவில் செருகிப் பத்து நிமிடம் விட்டு எடுத்தாலும் ஈரம் எவ்வளவு என்று தெரியும். பாஃபியோபெடிலத்துக்குத் தண்ணீரைச் சேமிக்கும் குமிழ் கிடையாது, முழுக்கக் காய விடக்கூடாது. ஃபலனாப்சிஸ் வேர் பச்சையாக இருந்தால் ஈரம் இருக்கிறது, வெள்ளியாகிவிட்டால் ஊற்றலாம். சைகாப்சிஸ் ஏறக்குறையக் காய்ந்த பிறகு.

காலையில் ஊற்றுங்கள். இலைகளின் நடுக்குருத்தில் தண்ணீர் நின்றால் காகிதத் துணுக்கால் ஒற்றி எடுங்கள், ராத்திரி முழுக்க நின்றால் குருத்து அழுகும். பனிக்கட்டி வைக்கச் சொல்லும் யோசனை வேண்டாம், தொட்டி முழுக்க நனைந்து அடியில் வடிய வேண்டும். உப்புத் தண்ணீர் இந்தச் செடிகளுக்கு ஆகாது, இலைநுனி கருகும். மழைத் தண்ணீர் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. உரம் அட்டையில் போட்டிருக்கும் அளவில் கால் பங்கு போதும், மாதம் ஒரு முறை வெறும் தண்ணீரால் தொட்டியைக் கழுவிவிடுங்கள்.

6. தொட்டி மாற்றுவது எப்போது

பூ இருக்கும்வரை தொடாதீர்கள். வேர் அழுகிய நாற்றம் வந்தால் மட்டும் பூவைத் தியாகம் செய்துவிட்டு மாற்றுங்கள்.

பூ முடிந்ததும் செடியை எடுத்துப் பார்த்தால், வேர்களின் நடுவில் பாசியை உருட்டித் திணித்து வைத்திருப்பார்கள். வெளியே காய்ந்து தெரியும்போதும் உள்ளே அது சொதசொதவென்று இருக்கும். அதைப் பொறுமையாகப் பிரித்து எடுங்கள். அழுகிய வேர் அழுத்தினால் தோல் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சும், அதை மட்டும் வெட்டுங்கள். ஃபலனாப்சிஸுக்கு நடுத்தர மரப்பட்டை, பாஃபியோபெடிலத்துக்குச் சற்றுப் பொடியான பட்டை, லுடிசியாவுக்கு நன்றாக வடியும் மண்கலவை. தொட்டி வேர் அடங்கும் அளவுதான் இருக்க வேண்டும். பெரிய தொட்டி என்றால் அதிக ஈரம், அதிக அழுகல்.

பாஃபியோபெடிலத்துக்கு ஒன்று முதல் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, ஃபலனாப்சிஸுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. சைகாப்சிஸ் வேரைத் தொந்தரவு செய்வதைப் பொறுக்காது, பட்டை மக்கியிருந்தால், புதுக்குமிழில் புதுவேர் விடத் தொடங்கும் நேரத்தில் மட்டும் மாற்றுங்கள். பாஃபியோபெடிலத்தைப் பிரிக்க ஆசை வந்தால் ஒவ்வொரு பங்கிலும் குறைந்தது மூன்று விசிறிகள் (அடியிலிருந்து விசிறி போல வரும் இலைக்கொத்துகள்) இருக்கட்டும். ஒற்றை விசிறியாகப் பிரித்தால் பல ஆண்டு பூக்காமல் உட்கார்ந்திருக்கும்.

7. எதற்குச் செலவு செய்யலாம், எதற்கு வேண்டாம்

நல்ல பட்டை, அடியில் ஓட்டையுள்ள ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தொட்டி, புது பிளேடுகள். முதல் வருடத்துக்கு அவ்வளவுதான். இலைக்குப் பளபளப்பு தரும் தெளிப்பு வாங்காதீர்கள், அது இலைத்துளைகளை அடைக்கும். "ஆர்க்கிட் டானிக்" என்று தனியாக விற்பதில் பெரும்பாலும் சாதாரண உரம்தான் இருக்கும், சத்து விகிதத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். வைரஸ் சோதனைப் பட்டையின் விலை சில நேரம் செடியின் விலையை நெருங்கும். இது ஒரே செடி என்றால் அந்தச் செலவு தேவையில்லை, வேறு ஆர்க்கிட்டுகள் இருந்தால் அவசியம் செய்யுங்கள்.

8. மறுபடி எப்போது பூக்கும்?

பாஃபியோபெடிலத்தில் ஒரு விசிறி ஒரே ஒரு முறைதான் பூக்கும். பூத்த விசிறியை வெட்டிவிடாதீர்கள், பக்கத்தில் வரும் புது விசிறிக்கு அதுதான் சாப்பாடு போடுகிறது. புது விசிறி முதிர ஒன்றிலிருந்து இரண்டு ஆண்டு ஆகலாம்.

ஃபலனாப்சிஸுக்கு இரவு வெப்பநிலை 16, 17 டிகிரிக்குச் சில வாரம் இறங்கினால் பூந்தண்டு கிளம்பும், அதிலிருந்து பூ விரிய மூன்று மாதமாவது ஆகும். தண்டு வளரும்போது தொட்டியைத் திருப்பிக்கொண்டே இருக்காதீர்கள், வெளிச்சத்தைத் தேடித் தண்டு கோணலாகும். சைகாப்சிஸ் தண்டு பச்சையாக இருக்கும்வரை கை வைக்கவே வேண்டாம். கடைசிப் பூ விழுந்து பல வாரம் சும்மா இருந்துவிட்டு அதே நுனியில் மறுபடி மொட்டு விடும், ஆண்டுக்கணக்கில் இது தொடரும். லுடிசியா குளிர்காலத்தை ஒட்டிச் சின்ன வெள்ளைப் பூக்கள் விடும். பூ முடிந்ததும் நீண்டுபோன தண்டுகளை இரண்டு மூன்று கணுக்களோடு வெட்டி ஈரப்பாசியில் படுக்கவைத்தால் வேர் பிடித்துக்கொள்ளும்.